வாள் கிளம்பும் இடம்

ஆரியசாலையில் நாங்கள் வேலை பார்க்கும் பாத்திரக் கடையில் உருளி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பொன்செல்வியைக் கண்டால் இரக்கம் பொங்கிவிடும். அவள் இரண்டு கையாலும் உருளியைத் தூக்கிக் காட்டுவாள். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை என்பது அப்போதுதான் வந்தவர்களின் கண்ணில் படும். உடனே, "வேண்டாம்மா, நீ சிரமப்படாதே, வேறே யாரையாவது எடுக்கச் சொல்லு" என்பார்கள். நான் பில் போடும் மேஜையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவள் உருளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவாள்.

அவளுக்கு ராதாபுரம் பக்கம். கல்யாணமான புதிதில் கணவன் கோலப்பனோடு கட்டட வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்தவள். கழக்கூட்டம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் அவன் கொத்தனார், இவள் சித்தாள். கலவை மெஷினின் சங்கிலி ஒரு நாள் இவள் கையை இழுத்துக்கொண்டது. இரண்டு விரலோடு விட்டது என்று எல்லாரும் சாமிக்கு நன்றி சொன்னார்கள். கை ஆறியபிறகு சித்தாள் வேலைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தாள். விரல் போன அன்றைக்கு முந்தானைக்குள் ஒளிந்த இடக்கை, வேலை இல்லாத நேரத்தில் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கேயும்.

கரமனையில் அவள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த தெருவில் வாளும் கம்பும் சொல்லிக்கொடுக்கிற ஒரு களரி இருக்கிறது. யோசுவா ஆசான் நடத்தியது. அவர் இப்போது பாறசாலையில் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். களரியை மகள் நீது நடத்துகிறாள். இருபத்தாறு வயதுப் பெண், வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் வாள். பெண்களுக்கென்று அவள் காலை வகுப்பு ஆரம்பித்ததும் பொன்செல்வி முதல் ஆளாகப் போய் நின்றாள். நாற்பதை நெருங்குகிற வயதில் இது உனக்குத் தேவையா என்று கேட்ட என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரத்துக்குள் என் முழங்கால் கைவிரித்துவிட்டது. ஆனாலும் அங்கிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கடைக்குப் போவது பழக்கமாகிவிட்டதால், தினமும் ஒரு பிளாஸ்க் காப்பியோடு போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

உடற்பயிற்சியை அவள் பிசிறில்லாமல் செய்தாள். நெடுங்கம்பை மீதி விரல்களாலும் உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்துச் சுழற்றினாள். வாள் வலக்கைக்கு உரியது, அதில் பிரச்சினையே இல்லை. பிறகு வாளும் கேடயமும் சேர்ந்து வந்தது. அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்கு நீது டீச்சர் களரியிலிருந்து பெண்கள் ஜோடி ஒன்றை அனுப்பப் போகிறாள் என்று தெரிந்ததும், அந்த ஜோடியில் ஒருத்தி தான்தான் என்று பொன்செல்வி அறிவித்துவிட்டாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

கம்பிலோ கட்டாரியிலோ போகலாமே, கேடயத்தில்தான் நிற்க வேண்டுமா என்று பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கேடயம் இடக்கைக்கு உள்ளது அக்கா. நாலு பேருக்கு முன்னால இந்தக் கை ஒரு வேலை செய்யணும். அதைப் பாத்து ஒருத்தரும் உச்சுக்கொட்டக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

கேடயத்தை இங்கே பரிச என்பார்கள். சினிமாவில் வருகிற மாதிரி ஆளை மறைக்கிற சாமான் இல்லை. எங்கள் கடையின் பெரிய சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரும்புத் தகடு, முன்னால் நாலு குமிழ், பின்னால் இரண்டு வளையம். இரண்டு வளையத்தையும் சேர்த்து முஷ்டிக்குள் பிடிக்க வேண்டும். வடக்கே ராஜாக்களின் ஆட்கள் இரும்பு வளையம் கோத்த சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போன காலத்தில், இந்த ஊர்ப் படையாட்கள் பெரும்பாலும் வெறும் மேலோடு போனார்களாம். இந்தப் புழுக்கத்தில் இரும்புச் சட்டை போட்டவன் எதிரி வருவதற்கு முன்னாலேயே வெந்துபோவான் என்று நீது டீச்சர் சொல்வாள். இடுப்பில் கச்சை, கையில் இந்தத் தட்டு. உடம்பு முழுவதுக்கும் காவல் அதுதான். இதை நம்பிப் போனவர்களுக்குத் தைரியம் அதிகமா, மூளை குறைவா என்று கேட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை.

ஒரு கையில் இறுக்கிப் பிடிக்கப் பலம் தருவது சுண்டு விரலும் மோதிர விரலும்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கட்டைவிரலும் மற்ற இரண்டும் வெறும் துணைக்கு. பொன்செல்வியிடம் இருந்ததெல்லாம் அந்தத் துணைதான். முதல் வெட்டு விழுந்ததுமே கேடயம் அவள் கையிலிருந்து கழன்று என் பெஞ்சுக்குக் கீழே வந்து உருண்டது. காப்பி கொட்டியது.

கோலப்பன் நல்ல மனுஷன். கிழக்கேகோட்டையில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி ஒரு தோல்வார் தைத்து வாங்கி வந்தான். கேடயத்தை முன்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டான். இனிமேல் தலைகீழாக நின்றாலும் விழாது என்றான். விழவில்லைதான். ஆனால் வெட்டின் வேகம் முழுவதும் கையிலேயே இறங்கியது. கட்டாத கேடயம் அடி விழும்போது கொஞ்சம் திரும்பி வாளை வழுக்கவிடும். கட்டிய கேடயம் திரும்பாது. பொன்செல்வியின் மணிக்கட்டு இட்லி மாதிரி வீங்கியது. போதாததற்கு, போட்டியில் கேடயத்தைக் கையில் பிடிக்கத்தான் வேண்டும், கட்டக்கூடாது என்று விதி. தோல்வார் எங்கள் கடையில் பித்தளைக் குடத்தைத் தூக்கி மாட்ட இப்போது உபயோகப்படுகிறது.

அவள் விடவில்லை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வளையங்களில் சுற்றிப் பருமனாக்கினாள். கூடச் சுற்றினாள், குறைத்தாள், மறுபடியும் சுற்றினாள். மூன்று விரலுக்கும் உள்ளங்கைக்கும் நிறைவாக ஒரு பிடி கிடைத்தது. கேடயம் இப்போது நழுவவில்லை. பலமான வெட்டு விழுந்தால் மட்டும் சற்றுச் சரிந்து, வாள்முனை தோளைத் தொடும் அளவுக்கு இடம் விட்டது.

அவளுக்கு எதிரே நின்றவள் விஷ்ணுப்ரியா. கரமனை அக்ரஹாரத்துப் பெண், வங்கியில் வேலை, அளந்து பேசுகிறவள். கால் வைப்பது பார்க்க அத்தனை அழகாக இருக்கும். சரியும் கேடயத்தைப் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது. டீச்சரும் பயந்திருக்க வேண்டும். "செல்வியக்கா, ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்றாள். பொன்செல்வி ஒரு அடி பின்னால் போனாள். வெட்டு அப்படியும் கேடயத்தைச் சரிக்கத்தான் செய்தது. இன்னும் அரையடி தள்ளி நிற்கச் சொன்னாள். அதற்கும் போனாள்.

அப்புறம் கேடயம் சரிவது நின்றுபோயிற்று. வெட்டு வரும், கேடயம் போகும், ஒரு 'ணங்' கேட்கும், எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கூட, அட, வந்துவிட்டதே என்று நினைத்தேன். டீச்சர் தலையை ஆட்டினாள். பொன்செல்வியின் முகம் மட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. பஸ்ஸில் பேச்சே இல்லை. கடையில் ஒரு குத்துவிளக்கை அதன் அடித்தட்டோடு சேர்த்துத் திருகுகிற திருகலில் அது தாங்குமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை, பாதி ஆட்டத்தில் அவள் வாளைத் தாழ்த்திவிட்டு நின்றுவிட்டாள்.

"ஏ பிரியா, நீ என்னைய வெட்டலம்மா. எனக்குப் பக்கத்துல இருக்க காத்த வெட்டுத."

விஷ்ணுப்ரியாவின் முகம் சிவந்ததைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் வெட்டைக் கேடயத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே பிடித்து நிறுத்தி, மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தாள். பூப்போல. கடைக்கு உருளி வாங்க வருகிற அம்மாள்களின் அதே இரக்கம்தான், வாளில் வந்திருந்தது. எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது.

டீச்சர் சமாதானப்படுத்தினாள். மறுபடியும் ஆரம்பியுங்கள் என்று சொல்லி அடவுகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். விஷ்ணுப்ரியா வாளை ஓங்கினாள். ஓங்கிய கையிலேயே தயக்கம் தெரிந்தது. அவ்வளவுதான், பொன்செல்விக்குத் தாங்கவில்லை. தள்ளி நிற்பது, அடவு, முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணைக் கேட்டே தீர்வது என்று நேராக அவளை நோக்கி நடந்தாள். தன்மேல் ஒரு ஆள் வருவதைக் கண்டு விஷ்ணுப்ரியா பயந்துபோய், யோசிக்காமல் உண்மையாகவே வெட்டிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது கேடயம் விஷ்ணுப்ரியாவின் வாள்பிடிக்கு மேலே, வாளின் அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வாள் பாதி வழியில்கூட வரவில்லை. கேடயம் சரியவும் இல்லை, பொன்செல்வியின் கை நடுங்கவும் இல்லை. சரிக்க அங்கே வாளுக்குப் பலம் இருந்தால்தானே. இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச நின்றிருந்தார்கள்.

டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, இப்ப என்ன செஞ்சியளோ அதையே இன்னொருக்கா செய்யணும், கேட்டோ."

செய்தார்கள். இன்னொரு தடவையும் செய்தார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு டீச்சர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாள் கிளம்பும் இடத்தில் அதற்குக் கனம் இல்லை என்றாள். அது சுற்றி வரவரத்தான் கனம் சேருகிறது, முனை வந்து விழும் தூரத்தில்தான் அதன் முழுப் பலமும் இருக்கிறது. சின்னக் கேடயத்தை வைத்திருக்கிறவன் அடி வந்து விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கிளம்பும் இடத்திலேயே போய் அடைக்க வேண்டும். அப்பா அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாராம். "நான் என்ன செய்தேன்? அக்காவுக்குக் கை முடியாதேன்னு தள்ளித் தள்ளி நிப்பாட்டினேன். நல்லது செய்யுதேன்னு நினைச்சு, வாள் எங்க ரொம்பக் கனமோ அங்கேயே கொண்டுபோய் நிப்பாட்டியிருக்கேன்."

பொன்செல்வி இதைக் காதில் வாங்கிக்கொண்டாளே தவிர, அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை. நல்லது செய்கிறேன் என்று தள்ளி நிறுத்துவது அவளுக்குப் புதிதில்லையே.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் அதில் நடப்பது சுலபமாக இல்லை. வாள் ஓங்கும்போதே உள்ளே பாய வேண்டும். ஒரு இமைப்பொழுது தாமதித்தாலும் கேடயத்தைத் தாண்டி முகத்தில்தான் விழும். வாளின் கூர்மையை மழுக்கியிருந்தாலும் இரும்பு இரும்புதான். பொன்செல்வி பாயத் தயார். விஷ்ணுப்ரியாவின் கைதான் வரமாட்டேன் என்றது. தள்ளி நின்றவளையே வெட்டாதவள், பக்கத்தில் வருகிறவளை எப்படி வெட்டுவாள்? வாள் பாதியில் நிற்பதும், பொன்செல்வி பாய்ந்து வெறுமையில் தடுமாறுவதுமாக நாட்கள் போயின. ஒரு காலை அந்தப் பெண் வாளைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள்.

"நேக்கு முடியலை அக்கா. ஒரு நாள் தப்பிப்போய் உங்க முகத்துல பட்டுடுத்துன்னா, அதுக்கப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

பொன்செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடக்கையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். நான் பார்க்க, அந்தக் கை தானாக இன்னொருவர்மேல் போனது அதுதான் முதல் தடவை.

"இது போன அன்னைக்கு அந்த வேலையிடமே கூடிட்டு. எல்லாரும் பாவம் பாத்தாவ. மறுநாள் ஒருத்தர்கூட வேலைக்கு வான்னு சொல்லலம்மா. பாவம் பாக்கவ யாரும் பக்கத்துல சேக்க மாட்டாவ. நீயும் பாவம் பாக்காத. எனக்கு உன் வெட்டு வேணும்."

அந்தப் பெண் அந்தக் கையை மடியிலிருந்து எடுத்துவிடவில்லை.

மறுநாள் கோலப்பனின் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு களரியில் நின்றாள் பொன்செல்வி. நான் சிரித்துத் தொலைத்தேன். சேலையை வரிந்து கட்டி, தலையில் கறுப்பு ஹெல்மெட், கையில் பரிச. ஆனால் அது வேலை செய்தது. தலைக்குக் காவல் வந்ததும் விஷ்ணுப்ரியாவின் கைக்கு உயிர் வந்தது. வீசி வெட்டினாள். ஹெல்மெட்டில் இரண்டு முறை விழுந்தது, தோளில் ஒரு முறை விழுந்தது, பாக்கி எல்லாம் கேடயத்தில் நின்றது. ஹெல்மெட் போட்டவளுக்குத்தான் தொல்லை. பக்கவாட்டில் கண் தெரியவில்லை, டீச்சர் கூப்பிடும் அடவு காதில் விழவில்லை. கவசம் எதிரிக்குத் தைரியம் கொடுக்கிறது, போட்டுக்கொண்டவளை மந்தமாக்குகிறது என்று அவள் குறைபட்டுக்கொண்டாள். வெட்டு முழு வேகத்துக்குப் பழகியதும் ஒரு காலையில் அதைக் கழற்றி என் மடியில் வைத்தாள். விஷ்ணுப்ரியா ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் வெட்டினாள், அதே வேகத்தில். கேடயம் போய் அடைத்தது.

போட்டி ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் நடந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் போயிருந்தேன். கோலப்பன் வேலைக்குப் போகிற சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆயுதங்களைச் சரிபார்க்கும் இடத்தில் போட்டியை நடத்தும் சங்கத்துக்காரர் ஒருவர் பொன்செல்வியின் கையைப் பார்த்தார். வெள்ளை வேட்டி, கனிவான குரல். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார்: இவரைப் போட்டியில் நிறுத்திக் கஷ்டப்படுத்துவானேன், எல்லாம் முடிந்தபிறகு தனியாக ஒரு காட்சியாகச் செய்யட்டும், மாலை போட்டு கௌரவிக்கலாம், பத்திரிகைக்காரர்களும் வந்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் கொடுமை. டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பொன்செல்வி குறுக்கே வந்துவிட்டாள்.

"மாலை வேண்டாம் சார். மார்க்குப் போடுங்க."

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கையில் பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது, எத்தனை விரலால் என்று எங்கும் இல்லை. விட்டுவிட்டார்.

அவர்கள் முறை வந்தபோது அரங்கில் லேசாக ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சலசலப்பு. உச்சுக்கொட்டுவதற்கு முன்னால் நாக்கைத் தயார்செய்கிற சத்தம். இரண்டு பேரும் குனிந்து தரையைத் தொட்டு வணங்கி எதிரெதிரே நின்றார்கள். டீச்சர் அடவைக் கூப்பிட்டாள். விஷ்ணுப்ரியாவின் வாள் மேலே போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் இரக்கம் என்று ஒன்றும் இல்லை. வெட்டினாள் பாருங்கள், எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பொன்செல்வி உள்ளே போனாள். கேடயம் வாளை அது கிளம்பிய இடத்திலேயே அடைத்தது. திரும்பினார்கள், விலகினார்கள், மறுபடி வெட்டு, மறுபடி அடைப்பு. காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தலைக்கு இரண்டு. சலசலப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு ஆள், அந்தச் சேச்சி எவ்வளவு நெருங்கிப் போகிறாள் பார் என்று மலையாளத்தில் தன் கூட்டாளியிடம் சொன்னான். மூன்றாவது சுற்றில் ஒரு நொடி அவள் நிலை தடுமாறிச் சமாளித்தாள். பிறகு முடிந்துவிட்டது.

நாலாவது இடம். பரிசு மூன்று ஜோடிகளுக்குத்தான். விஷ்ணுப்ரியாவின் கண் கலங்கியது. மற்ற ஜோடிகள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். டீச்சர் நடுவர் மேஜைக்குப் போய், எங்கே குறைந்தது என்று கேட்டுவிட்டு வந்தாள். பொன்செல்வி தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உதடு உலர்ந்திருந்தது.

"மூணாவது சுற்றில வலக்கால் அளவுக்கு மேல உள்ள போச்சாம். அதுல நிலை குலைஞ்சுதாம்."

"சரி. கையைப் பத்தி என்ன சொன்னாவ?"

"கையைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே."

"நல்லாக் கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன் அக்கா. கால்தான்."

பொன்செல்வியின் முகத்தில் ரத்தம் ஏறியது. ஆறுதல் சொல்லலாம் என்று நான் பக்கத்தில் போவதற்குள் அவள் நடுவர் மேஜையை நோக்கி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். காலை அப்படி வைக்காமல் அந்த வெட்டை எப்படி அடைப்பதாம் என்று அரைத் தமிழும் அரை மலையாளமுமாக அங்கே இருந்த நடுவரிடம் ஏட்டிக்குப் போட்டி ஆரம்பித்தாள். இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே வீசி வீசிப் பேசினாள். அவரும் விடவில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, எங்கே, இன்னொரு முறை பாய்ந்து காட்டுங்கள் என்றார். அவள் பாய்ந்து காட்டினாள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.